வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்களின் மடல்

பாண்ட் வாத்தியக் குழுவை இடம் மாற்றும் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போகும் அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பெயரும் பதவியும் எனக்குத் தெரியாது. கொழும்பில் இருக்கிறீர்களா, இல்லை எங்கள் பக்கத்து மேட்டில்தான் இருக்கிறீர்களா என்பதும் தெரியாது. எங்கள் மலை ஊரான தியத்தலாவையில் இராணுவ கேம்ப் ஒன்றல்ல, பல. அதனால் எந்தப் படைப்பிரிவு, எந்த பாண்ட் என்று நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

பாண்ட் போகப்போகிறது என்று கடைத்தெருவில் பேச்சு அடிபடுகிறது. சலூனில் ஒரு கதை, மரக்கறிக் கடையில் ஒரு கதை. ஒருவர் அடுத்த மாதம் என்கிறார், இன்னொருவர் புது வருசத்துக்குப் பிறகு என்கிறார். அறிவிப்பு எதையும் நான் பார்க்கவில்லை. பேச்சு பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் நம்ப முடியாத பேச்சும் இல்லை. இராணுவத்தின் ஆட்தொகையை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசாங்கமே சொன்னது. ஆட்கள் குறையும்போது கேம்புகளை ஒன்றாக்குவார்கள். அப்போது துப்பாக்கி பிடிக்கிறவனை விட்டுவிட்டு முதலில் டிராம்போன் பிடிக்கிறவனைத்தான் லொறியில் ஏற்றுவார்கள் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

போக வேண்டாம் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது இன்னொரு மனு என்று நினைத்து ஃபைலில் போட்டுவிடுவீர்கள்.

நான் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர். உங்கள் மைதானத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்கள் வாசலில் நின்றால் கீழே மைதானம் தெரியும். வேலியும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நான் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் அறுபது வருசமாக உங்கள் பாண்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழைப்பிதழ் இல்லாமல், கதிரை இல்லாமல், கை தட்டாமல். ஒட்டுக்கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழ் இல்லாதவனுக்கு நிகழ்ச்சி நிரலும் கிடையாது. நீங்கள் வாசித்த பாட்டுகளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குச் சரியாக வரும் ஒன்று ‘நிறுவைப் பாட்டு’. அது கேட்டால் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு இடுப்பை நிமிர்த்துவார்கள். மெதுவாக இழுத்து இழுத்துப் போகும் இன்னொன்றுக்கு ‘மழைப் பாட்டு’ என்று பெயர். அதை வாசித்த அன்றைக்கு மழை பெய்யும் என்று என் அம்மா அடித்துச் சொல்வார். பெய்யாத நாள்களை அவர் கணக்கில் எடுப்பதில்லை. ‘துரை வாற பாட்டு’ என்றும் ஒன்று உண்டு. அதை விளக்க வேண்டியதில்லை, கேட்டாலே முதுகு நேராகிவிடும்.

என் அப்பா தப்படிப்பவர். தாத்தாவும் அப்படித்தான். தாத்தாவின் காலத்தில் விடிவதற்கு முன்னால் தப்படித்துத்தான் தோட்டத்தை எழுப்பினார்கள். எழுந்தவர்கள் வரிசையாகப் போய் நிற்கிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. பல வருசம் அது சுத்தத் தமிழ்ச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, உங்கள் மைதானத்தில் நடக்கிற ‘பரேட்’தான் எங்கள் வாயில் பெரட்டு ஆகியிருக்கிறது. நீங்களும் வரிசையில் நின்றீர்கள், நாங்களும் வரிசையில் நின்றோம். உங்களுக்கு முன்னால் பித்தளை, எங்களுக்கு முன்னால் தோல்.

அப்பா இதை வேறு விதமாகச் சொல்வார். கீழே பேஸ் டிரம் அதிரும்போது பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொல்வார்: “அவனும் தோலத்தான் அடிக்கிறான், நானும் தோலத்தான் அடிக்கிறேன். அவனுக்கு பென்சன், எனக்கு சாராயம்.” சாவு வீட்டுக்கும் காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் அவர் வேண்டும். அடித்து முடித்த பிறகு அவர் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. தப்படிப்பவனை மலையகத்தில் எங்கள் ஆட்களே எப்படி நடத்தினார்கள் என்பது வேறு கதை, அது உங்களுக்கு எழுத வேண்டிய மடல் இல்லை.

ஆனால் அப்பா உங்கள் ஆட்களைக் கூர்ந்து கவனிப்பார். மார்கழிக் குளிரில் காலைப் பயிற்சிக்கு முன்னால், சத்தம் வராமல் வாத்தியத்துக்குள் வெறும் காற்றை ஊதிக்கொண்டு நிற்பார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு உடனே புரிந்தது. “காய்ச்சுறாங்கடா” என்றார். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை, மிலாறை, கொளுத்தி அவர் தப்பைக் காய்ச்சுவதைப் போல. தோல் குளிர்ந்தால் தொய்ந்துவிடும், பித்தளைக்குள் காற்று குளிர்ந்தால் சுதி இறங்கிவிடும். இரண்டுக்கும் சூடு வேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், இங்கேயிருந்து சூடான ஊருக்குப் போனால் உங்கள் டியூபாக்காரருக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம் இருக்கும். அங்கே சுதி மேலே ஏறும். அவரிடம் சொல்லி வையுங்கள்.

நான் ஆசிரியரான பிறகு உங்கள் பாண்டை வைத்துப் பாடம் நடத்தினேன். அதற்கும் அனுமதி கேட்கவில்லை, மன்னிக்கவும். நடைப்பாட்டில் பேஸ் டிரம் அடி இடது காலுக்கு விழ வேண்டும், இல்லையா? மேலேயிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு அது விழவே இல்லை. கால் ஒரு நேரம், அடி ஒரு நேரம். “சேர், ஆமிக்கு நடக்கத் தெரியல்ல” என்று ஒருவன் சொன்னான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு விஞ்ஞானப் பாடத்தில் ஒலியைத் தொடங்கினேன். ஒளி உடனே வந்துவிடுகிறது, ஒலி விநாடிக்கு 340 மீற்றர் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறி வருகிறது. பாண்ட் அசையாமல் நின்று, முதல் அடி அடிக்கிற அந்தக் கணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். கை இறங்கியது. எண்ணினோம். சரியாக இரண்டரை விநாடிக்குப் பிறகு ‘டம்’ வந்தது. கரும்பலகையில் பெருக்கினார்கள்: 850 மீற்றர். எங்கள் பாடசாலையிலிருந்து உங்கள் மைதானத்துக்கு உள்ள தூரத்தை, வேலியைத் தாண்டாமல், யாரிடமும் கேட்காமல், பத்து வயதுப் பிள்ளைகள் அளந்துவிட்டார்கள். இதே ஊரில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இதற்கு எவ்வளவோ கருவிகள் வைத்திருப்பார்கள். எங்களுக்கு உங்கள் டிரம் போதுமாக இருந்தது.

ஜனவரி மாதம் வந்தால் சுதந்திர தினத்துக்கு ஒத்திகை தொடங்கும். தேசிய கீதத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பீர்கள். 1949க்குப் பிறகு முதல் தடவையாக 2016 பெப்ரவரி 4ஆம் திகதி கொழும்பு விழாவில் அது தமிழிலும் பாடப்பட்டது. 2020இல் மறுபடி சிங்களத்தில் மட்டும் என்றார்கள். இந்த இழுபறியெல்லாம் பாடுகிறவர்களுக்குத்தான், ஊதுகிறவர்களுக்கு இல்லை. மெட்டு ஒன்றுதானே. எங்கள் பிள்ளைகள் பல வருசம் உங்கள் ஒத்திகைக்கு மேலே நின்று தமிழில் பாடினார்கள். முதல் வரி முடிவதற்குள் காற்று திரும்பினால் பாண்ட் தேய்ந்துபோகும். பிள்ளைகள் விடமாட்டார்கள், காற்று திரும்பி வரும் வரைக்கும் தனியாகப் பாடுவார்கள். வரும்போது சில நாள் அரை வரி முந்தியிருப்பார்கள், சில நாள் பிந்தியிருப்பார்கள். ஒரு நாள் அச்சாகச் சேர்ந்துகொண்டது. அன்றைக்கு அவர்கள் போட்ட கூச்சல் உங்களுக்குக் கேட்டிருக்காது, காற்று எங்கள் பக்கம்தானே வீசிக்கொண்டிருந்தது.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று எழுதினால் பொய். யுத்த காலத்தில் கொழும்புக்குப் போகிற வழியில், ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஐடென்டி கார்டில் தோட்டத்து விலாசம், வாயில் தமிழ், கையில் பாடசாலைக்கு வாங்கப் போகிற பொருள்களின் பட்டியல். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பஸ் போய்விட்டது. அடுத்த நாள் வீட்டுக்குத் திரும்பி வாசலில் உட்கார்ந்தபோது கீழே நிறுவைப் பாட்டு. என் கால் தானாகத் தாளம் போட்டது. அந்தக் காலைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சீருடை ஒன்றுதான். ஆனால் அந்தச் சீருடையில் பாண்ட் மட்டும்தான் என் விலாசத்தைக் கேட்காமல் என் வீடு வரைக்கும் வந்தது.

அப்புறம் அந்தக் கிளாரினெட்காரர். சிங்களவர், பாண்டிலிருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் டவுனிலேயே தங்கிவிட்டவர். பெயர் எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. எங்கள் பாடசாலையின் சைட் டிரம் கிழிந்து, உரப்பையின் உள்தாளை இழுத்துக் கட்டி அடித்துக்கொண்டிருந்த காலம். விளையாட்டுப் போட்டிக்கு அந்தச் சத்தத்தோடு பிள்ளைகள் நடந்து போவதை ரோட்டில் நின்று பார்த்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை கையில் ஒரு பையோடு மலை ஏறி வந்துவிட்டார். எனக்கு அவர் ‘பாண்ட் மாத்தயா’, சிங்களத்தில் பாண்ட் ஐயா. அவருக்கு நான் ‘சேர்’. ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறைதான். அவர் “எக்கய், தெக்கய்” என்று எண்ணுவார், பிள்ளைகள் “ஒண்ணு, ரெண்டு” என்று அடிப்பார்கள், அடி சேர்ந்து விழும். நான்கு வருசம் வந்தார். அவரிடம் படித்த இரண்டு பேர் இன்றைக்குக் கோயில் திருவிழாக்களுக்கு டிரம்பெட் ஊதிப் பிழைக்கிறார்கள். ஒருவன் கிரிக்கெட் மேட்ச் நாள்களில் பப்பரே என்கிற டிரம்பெட், டிரம் கோஷ்டியோடு கொழும்புக்கும் போய் வருகிறான். இதை உங்கள் ஆவணத்தில் எங்கேயும் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதவும் இடம் இல்லை, அவர் அப்போது உங்கள் ஆள் இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

பாண்ட் என்றால் இடம் மாறும், அது எனக்கும் தெரியும். இங்கிலாந்தில் ஊலிச் என்ற ஊரில் பீரங்கிப் படையின் பாண்ட் இருந்தது. 1762இல் அமைத்த பாண்ட். இரண்டரை நூற்றாண்டு அந்த ஊரோடு ஒட்டிக்கிடந்தது. 2007இல் பீரங்கிப் படையே ஊரை விட்டுப் போனது, பாண்ட் மட்டும் மிஞ்சியிருந்தது. 2014இல் அதையும் டிட்வர்த் என்ற வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த பாண்டே போக முடியுமென்றால் நம்முடையது போவதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு அதில் உறைத்தது வேறு. அந்தப் படை போன பிறகும் ஏழு வருசம் ஒரு ஊரில் அதன் வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஏழு வருசம் அங்கே கடை வைத்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் ஊருக்கும் போகிறவர்களைப் பார்த்துப் பழக்கம்தான். 1900இல் வெறும் புல்மேடாகக் கிடந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்தார்கள். அன்றைக்கு வந்த வேலி அப்புறம் போகவே இல்லை, உள்ளே இருப்பவர்கள்தான் மாறினார்கள். முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர்களை அடைத்தார்கள், இரண்டாவதிலும் அடைத்தார்கள். போயர்கள் போகும்போது செத்தவர்களின் கல்லறைகளை விட்டுவிட்டுப் போனார்கள். பொக்ஸ் என்ற கடற்படைக் கப்பலின் மாலுமிகள் மலைச் சரிவில் வெள்ளைக் கல்லால் ஒரு நரியை விட்டுவிட்டுப் போனார்கள், அந்த மலைக்கு அதுவே பெயராகிவிட்டது. பாண்ட் எதை விட்டுவிட்டுப் போகும்? சத்தம் நின்றால் நின்றதுதான். அதற்குக் கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

எங்கள் ஆட்களும் போனார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் எங்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், அங்கேயும் உங்களைப் போல முகம் தெரியாத பலர் ஃபைல் பார்த்திருப்பார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போக இந்த மலையிலிருந்துதான் கோச்சி ஏறினார்கள். என் பெரியப்பா குடும்பம் போன நாளில் ஸ்டேஷனில் எழுந்த ஒப்பாரி, கோச்சி வளைவு திரும்பிய பிறகும் கேட்டது. அப்பா தப்பைக் கொண்டுபோயிருந்தார், ஆனால் அடிக்கவில்லை. சாவுக்கு அடிக்கலாம், திருவிழாவுக்கு அடிக்கலாம், இதற்கு எந்த அடி என்று தனக்குத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். அதனால்தான் ஒரு பாண்ட் சத்தமில்லாமல் லொறி ஏறிப் போய்விடுமோ என்று யோசிக்கும்போது எனக்கு என்னமோ செய்கிறது.

வழியனுப்பு விழா ஒன்று உள்ளே வைப்பீர்கள். மைதானத்தில் கூடாரம் போட்டு, வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகளில் அழைக்கப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், தேத்தண்ணியும் கேக்கும் இருக்கும். வையுங்கள், அது உங்கள் முறை. ஆனால் அந்தக் கதிரைகளில் இருப்பவர்களில் பாதிப்பேர் உங்கள் பாண்டை வருசத்துக்கு இரண்டு தடவை கேட்டவர்கள். தினமும் கேட்டவர்கள் மேலே நிற்பார்கள்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். போவதற்கு முன்னால் ஒரு தடவை பாண்டை வேலிக்கு வெளியே கூட்டி வாருங்கள். கேம்ப் வாசலிலிருந்து கடைத்தெரு வழியாக ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். கிழமை நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கிறவர்கள் வர முடியாது, வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் சாமான் வாங்க டவுனுக்கு வருவார்கள். காலை பத்து மணி சரியாக இருக்கும். ஆடி ஆவணியில் வைக்காதீர்கள், மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் நீங்கள் ஊதுவது பண்டாரவளைக்குத்தான் கேட்கும். கதிரை வேண்டாம், கூடாரம் வேண்டாம், பேச்சு வேண்டவே வேண்டாம். முன்கூட்டி ஒலிபெருக்கியில் சொல்லும்போது தமிழிலும் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

உங்கள் பின்வரிசைக்குப் பின்னால் எங்கள் தப்புக்காரர்கள் ஐந்தாறு பேர் நடந்து வர அனுமதித்தால் நன்றாக இருக்கும். உங்கள் நடைக்குக் குறுக்கே வரமாட்டார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்பது தப்புக்காரனுக்கு ஒரு பெரிய வேகம் இல்லை, காமன் கூத்தில் பார்த்திருந்தால் தெரியும். அப்பா இல்லை. அவருடைய தப்பு இருக்கிறது, என் தங்கை மகன் அடிப்பான்.

பழைய வாத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடம் மாறும்போது கழித்துப்போடுகிற சாமான் நிறைய இருக்கும். நசுங்கிய கோர்னெட், வால்வு இறுகிப்போன யூஃபோனியம், தோல் போன டிரம். உங்களுக்கு அது பழைய பித்தளை விலை. இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு அதைக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொடுங்கள், பழுது பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இல்லையென்றால் பரவாயில்லை, அதற்காக ஊர்வலத்தை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டேஷனுக்கு முன்னால் நின்று நிறுவைப் பாட்டை வாசிக்க வேண்டும். ஆனால் அதன் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். பாண்ட் மாத்தயாவும் காலமாகிவிட்டார், கேட்க ஆள் இல்லை. அதனால் நானே வந்து பாண்ட் மாஸ்டரிடம் முணுமுணுத்துக் காட்டுகிறேன். குரல் கொஞ்சம் நடுங்கும், மெட்டு சரியாக இருக்கும். வாசலில் நிற்கும் சென்றியிடம், வயசான ஒருவர் வருவார், ஒரு பாட்டு வைத்திருக்கிறார், உள்ளே விடவும் என்று சொல்லி வையுங்கள். ஐடென்டி கார்ட் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
மேல் மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
தியத்தலாவை